பறவை ஒளிப்படக்கலைக்கான கேமராவும் லென்சும்

பறவை ஒளிப்படக்கலையில் கேமரா பாடியும் லென்சும் மூன்று அடிப்படைகளில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன: பறவையின் உருவம் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழுகிறது, எவ்வளவு ஒளி கிடைக்கிறது, பறவையின் அசைவைக் கேமராவின் ஆட்டோஃபோகஸ் எவ்வளவு விரைவாகத் தொடர்கிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் லென்சைப் பொறுத்தவை. அதனால் செலவில் பெரும்பங்கு லென்சுக்கே ஒதுக்கப்படுகிறது.

குவியத் தூரம்

சென்சாரில் விழும் உருவம் லென்சின் குவியத் தூரம் கூடக் கூடப் பெரிதாகும். பறவை விலக விலகச் சிறிதாகும். 16 செ.மீ. நீளமுள்ள சிரால் மீன்கொத்தி ஒன்று 15 மீட்டர் தொலைவில் அமர்ந்திருந்தால், 600 மி.மீ. லென்சில் அதன் உருவம் 6.4 மி.மீ. நீளத்துக்கு விழும், 300 மி.மீ. லென்சில் 3.2 மி.மீ. மட்டுமே. ஆனால் அந்த 300 மி.மீ. லென்சுடன் 7.5 மீட்டர் வரை நெருங்க முடிந்தால் அதே 6.4 மி.மீ. கிடைத்துவிடும். மறைவிடத்தில் அமர்ந்து படமெடுப்போருக்கு நடுத்தர லென்சே போதுமானதாக இருப்பது இதனால்தான். கூழைக்கடா, பூநாரை போன்ற பெரிய பறவைகளுக்கு 300 முதல் 400 மி.மீ. வரையும், தேன்சிட்டு, ஈப்பிடிப்பான் போன்ற சிறியவற்றுக்கு 500 மி.மீ.க்கு மேலும் விரும்பப்படுகின்றன.

துளையும் எடையும்

எஃப்/4 துளை, எஃப்/6.3 துளையைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். அமர்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். பறக்கும் பறவைக்கு 2,000இல் ஒரு பங்கோ அதற்கும் குறைந்த நேரமோ தேவைப்படும். லென்சிலும் பாடியிலும் உள்ள அதிர்வுக் கட்டுப்பாடு கையின் நடுக்கத்தைத்தான் தணிக்கும். சிறகின் அசைவை உறையவைக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதே வழி. அதற்கு ஒளி வேண்டும்.

அகன்ற துளைக்கு விலையும் எடையும் அதிகம். கேனான் ஆர்.எஃப். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் சுமார் 3 கிலோ எடையுள்ளது. நிக்கான் 2023இல் வெளியிட்ட 600 மி.மீ. எஃப்/6.3 லென்ஸ் சுமார் ஒன்றரை கிலோதான். 15 மீட்டர் தொலைவில் எஃப்/4இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 15 செ.மீ.; எஃப்/6.3இல் 24 செ.மீ. பின்னணியை மங்கலாக்க முன்னது உதவும். அலகு முதல் வால்வரை தெளிவாக வேண்டுமென்றால் பின்னது உதவும்.

ஜூம் லென்ஸ்கள்

டாம்ரான் 2013இன் இறுதியிலும் சிக்மா 2014இலும் அறிமுகப்படுத்திய 150-600 மி.மீ. ஜூம்கள், நீண்ட குவியத் தூரத்தைப் பொதுப் பயனருக்கும் எட்டச் செய்தன. நிக்கானின் 200-500 மி.மீ. எஃப்/5.6 (2015), சோனியின் 200-600 மி.மீ. (2019), நிக்கானின் 180-600 மி.மீ. (2023) ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஒரே இடத்தில் நின்றபடி நாரைக் கூட்டத்தையும் தனிப் பறவையையும் எடுக்க ஜூம் வசதியானது. கேனான் 2020இல் வெளியிட்ட 600, 800 மி.மீ. எஃப்/11 லென்ஸ்கள் எடையிலும் விலையிலும் குறைந்தவை. எனினும் நல்ல வெயிலில்தான் முழுப்பயன் தரும். குவியத் தூரத்தைக் கூட்டும் துணைக்கருவிகளில், 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியையும் 2 மடங்கு டெலிகன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் ஒளியையும் குறைக்கும். ஆகவே அவை அகன்ற துளை லென்ஸ்களுக்கே பொருந்தும்.

சென்சார்

ஏ.பி.எஸ்-சி சென்சார் உருவத்தைப் பெரிதாக்குவதில்லை, சட்டகத்தைச் சுருக்குகிறது. விவரத்தைக் கூட்டுவது பிக்சல் நெருக்கமே. மேற்சொன்ன மீன்கொத்தியின் 6.4 மி.மீ. உருவம், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஏறத்தாழ 1,070 பிக்சல் நீளம் கொள்ளும். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி சென்சாரில் 1,630, 32.5 மெகாபிக்சல் கொண்ட கேனான் ஆர்7இல் 2,000. மங்கிய ஒளியில் ஃபுல் ஃபிரேம் படங்களில் இரைச்சல் குறைவு. ஆனால் பறவை சட்டகத்தை நிரப்பும்போதுதான் அந்தச் சாதகம் முழுமையாகக் கிடைக்கும். படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் அது குறைந்துவிடும்.

ஆட்டோஃபோகஸும் தொடர் படப்பிடிப்பும்

மிரர்லெஸ் கேமராக்கள் டி.எஸ்.எல்.ஆர்களைப் பின்னுக்குத் தள்ளியதற்கு, பறவையை அடையாளம் கண்டு கண்ணில் குவியம் வைக்கும் திறன் ஒரு முக்கியக் காரணம். 2020இல் வந்த கேனான் ஆர்5, 2021இல் வந்த சோனி ஏ1, நிக்கான் இசட்9 ஆகியவை இத்திறன் பெற்றவை. ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பறவையை மிரளச் செய்யாது. ஆனால் சென்சார் மெதுவாக வாசிக்கப்பட்டால் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து பதியும். விரைவாக வாசிக்கப்படும் அடுக்குச் சென்சார் இக்குறையைப் பெருமளவு போக்குவதால், இசட்9இல் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை. ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய நொடிகளையும் சேமிக்கும் வசதி, மீன்கொத்தி கிளையிலிருந்து பாயும் கணத்தைப் பிடிக்க உதவும். குறைந்த செலவில் தொடங்குவோருக்கு, நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் நிக்கான் டி500 (2016) போன்ற பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர்கள் இன்றும் ஏற்றவை.

வாழிடத்துக்கு ஏற்ற தேர்வு

வேடந்தாங்கலில் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. பார்வையாளர் கரையிலேயே நிற்க வேண்டும். நெருங்க வழியில்லாத இத்தகைய இடங்களில் 600 மி.மீ. எட்டும் ஜூம் பொருத்தமானது. வெட்டவெளி என்பதால் எஃப்/6.3 துளையும் போதும். நீலகிரியின் சோலைக்காடுகளில் நிலைமை நேர்மாறு: பறவை அருகில் இருக்கும், ஒளி இருக்காது. அங்கே எஃப்/4 லென்சும் இரைச்சல் குறைந்த சென்சாரும் கைகொடுக்கும். பழவேற்காடு, கோடியக்கரை போன்ற திறந்த சதுப்புப் பரப்புகளில் நண்பகல் கானல், எவ்வளவு விலையுயர்ந்த லென்சின் கூர்மையையும் கெடுத்துவிடும்.

மவுண்ட்

பாடியும் லென்சும் ஒரே மவுண்ட் முறையில் அமைய வேண்டும். கேனான், நிக்கான் நிறுவனங்களின் பெரும்பாலான பழைய டி.எஸ்.எல்.ஆர் லென்ஸ்களை, அந்தந்த நிறுவனத்தின் அடாப்டர் வழியாக மிரர்லெஸ் பாடியில் பொருத்தலாம். ஆனால் குவிய மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் இயங்காமல் போகக்கூடும். நல்ல லென்ஸ் பாடியைவிட நீண்ட காலம் பயன்தரும். எனவே முதல் பாடியை வாங்குமுன், அந்த மவுண்ட்டில் கிடைக்கும் நீண்ட லென்ஸ்களின் வரிசையையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.