வெப்பம் செல்லும் இடம்: வளிச்சீராக்கியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பிரித்தானியர் ஆட்சிக்கால இந்தியாவில் வெள்ளை அதிகாரிகளின் மாளிகைகளிலும் அலுவலகங்களிலும் கூரையிலிருந்து பெரிய துணிவிசிறிகள் தொங்கின. 'பங்கா' எனப்பட்ட அவற்றை அசைக்கும் கயிறு பெரும்பாலும் சுவரைக் கடந்து வெளியே சென்றது. அதன் மறுமுனையை இழுத்த கூலியாள் விறாந்தை வெப்பத்திலே அமர்ந்திருந்தான். உள்ளிருந்தோர் துய்த்த இதத்துக்கு வெளியிலிருந்தவனே விலை கொடுத்தான். இயந்திரம் வந்தபின் இந்நிலை மாறியதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

குளிர் என்பது புதிதாக உண்டாக்கப்படும் பொருளன்று. ஓரிடத்து வெப்பத்தை வேறோரிடத்துக்கு அகற்றுவதே குளிரூட்டலாகும். திரவம் ஆவியாகும்போது சூழலிலிருந்து வெப்பத்தைக் கவர்கின்றது. இவ்வுண்மையைப் பயன்படுத்தி ஸ்கொத்லாந்து மருத்துவப் பேராசிரியரான வில்லியம் கலன், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமுக்கம் குறைந்த கலத்தில் ஈதரை ஆவியாக்கிச் சிறிதளவு பனிக்கட்டியைப் பெற்றார்.

ஐக்கிய அமெரிக்காவின் புளொரிடாவில் வாழ்ந்த மருத்துவர் ஜோன் கொறியின் நோக்கம் மனிதாபிமானம் சார்ந்தது. காய்ச்சலுற்றோரின் அறைகளைக் குளிர்விக்க விழைந்த அவர், வளியை அமுக்கிப் பின் விரியச்செய்து பனிக்கட்டி ஆக்கும் பொறியொன்றுக்கு 1851இல் ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் போதிய முதலீடு கிடைக்காமையால் முயற்சி கைகூடாமலே 1855இல் காலமானார்.

1902இல் நிகழ்ந்ததோ வேறு. நியூயோர்க், புறூக்லினில் இருந்த அச்சகமொன்றில் ஈரப்பதனுக்கேற்பத் தாள் விரிந்தும் சுருங்கியும் வர்ண அச்சு பிசகியது. இதனைத் தீர்க்கவே வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வளியின் ஈரப்பதனைக் கட்டுப்படுத்தும் தொகுதியொன்றை வகுத்தார். நவீன வளிச்சீராக்கியின் தொடக்கமாக இதுவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. நோயாளியின் பொருட்டுக் கிடைக்காத முதலீடு தாளின் பொருட்டுக் கிடைத்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1920களில் திரையரங்குகளுக்குச் சென்ற இக்கருவி, இரண்டாம் உலகப் போரின் பின்னரே அமெரிக்க இல்லங்களில் பரவலாயிற்று.

இன்று அறைக்கு அறை நகர்த்தத்தக்க வளிச்சீராக்கிகளும் உள்ளன. அவற்றைக் கூர்ந்து நோக்கின் மேற்கூறிய தத்துவம் தெளிவாகும். பெட்டிக்குள் சுற்றிவரும் குளிராக்கற் பொருள் ஒருபுறம் ஆவியாகி அறை வளியின் வெப்பத்தைக் கவர்கின்றது. மறுபுறம் அமுக்கப்பட்டுத் திரவமாகி அவ்வெப்பத்தை வெளிவிடுகின்றது. இவ்வெப்பத்தைத் தடித்த குழாயொன்று யன்னல் வழியே வெளியேற்றும். குழாயை அறைக்குள்ளேயே விட்டால் அறை குளிராது. நுகரப்படும் மின்சாரமும் வெப்பமாவதால் முன்னிலும் சூடேறும். ஆகவே குழாய் குறுகியதாயும் வளைவு குறைந்ததாயும் இருத்தல் வேண்டும். யன்னல் இடைவெளியை நன்கு அடைத்தலும், கதவைச் சாத்துதலும், சேரும் நீரைத் தேவைக்கேற்ப அகற்றுதலும் அவசியம். ஒற்றைக் குழாய்க் கருவி அறை வளியையே வெளியே தள்ளுவதால், அதனை ஈடுசெய்ய வெளியிலுள்ள சூடான வளி இடுக்குகளூடாக உட்புகும். இரட்டைக் குழாய்க் கருவியில் இக்குறை பெரிதும் தவிர்க்கப்படுகின்றது.

வெளியேறும் வெப்பம் மறைந்துவிடுவதில்லை. அது தெருவில் நடப்போரையும் வளிச்சீராக்கி வாங்க வசதியற்ற அயலவரையும் அடைகின்றது. முன்னர் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள் ஓசோன் படையைச் சிதைத்தமையால், அவற்றைக் கட்டுப்படுத்த 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அவற்றுக்குப் பதிலாக வந்த பொருள்கள் பலவும் புவியைச் சூடாக்குவனவாதலின், அவற்றைக் குறைக்க 2016இல் கிகாலித் திருத்தம் ஏற்கப்பட்டது.

வளிச்சீராக்கி வேண்டாததென்பது எமது கருத்தன்று. கடும் வெப்ப அலைகளின்போது அது உயிர்காக்கும் சாதனமாகும். ஆனால் பங்காக் கயிற்றின் இடத்தைக் குழாய் பெற்றுள்ளதேயன்றி, உள்ளிருப்போரின் இதத்துக்கு வெளியிலிருப்போர் விலைகொடுக்கும் உறவு முற்றாக மாறவில்லை. காற்றோட்டமுள்ள கட்டடங்களும் நிழல்தரு மரங்களும் அனைவருக்கும் கிட்டும்போதே அவ்வுறவு மாறத் தொடங்கும் எனலாம்.