அன்னாசி கிரம்பிள்: புட்டு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல

கோலாலம்பூர், கிள்ளான் உணவகங்களின் பட்டியலில் 'கிரம்பிள்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். சிறிய மங்கில் சூடான பழம், அதன் மேல் மொறுமொறுவென்று உதிரும் மாவு, பக்கத்தில் ஓர் உருண்டை ஐஸ்கிரீம். அதற்குக் கேட்கும் விலையில் வீட்டில் ஆறு பேர் சாப்பிடலாம். பெயர் அந்நியமாக இருப்பதாலும் ஓவன் வேண்டுமே என்ற தயக்கத்தாலும் நம்மில் பலர் இதைத் தொடுவதில்லை. ஆனால் மேற்கத்திய இனிப்புகளில் நம் சமையலறைப் பழக்கத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். முட்டை இல்லை, ஈஸ்ட் இல்லை, மாவைத் தேய்த்து விரிக்கும் வேலையும் இல்லை. புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்த கைக்கு வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

கிரம்பிள் என்றால் உதிர்வது. கோதுமை மாவு, வெண்ணெய், சீனி மூன்றையும் விரலால் உதிரியாகக் கலந்து, நறுக்கிய பழத்தின் மேல் தூவிச் சுட்டால் அதுவே கிரம்பிள். இங்கிலாந்தில் இது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு பரவியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அங்கே 1940 ஜனவரியில் வெண்ணெயும் சீனியும் பங்கீட்டுக்குள் வந்தன. போரின் பெரும்பகுதிக் காலம் ஓர் ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் வெண்ணெய்தான், அதாவது 57 கிராம் அளவு. பழத்தை மாவுக்குள் பொதிந்து 'பை' செய்ய அடியிலும் மேலிலும் மாவு வேண்டும், கொழுப்பும் அதிகம் போகும். மேலே மட்டும் கொஞ்சம் தூவினால் சிக்கனம். அதே ஆண்டுகளில் ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயாத் தோட்டங்களில் அரிசிக்கே வழியில்லாமல் நம் மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். கோதுமை மாவும் வெண்ணெயும் யார் கண்ணில் பட்டன!

இங்கிலாந்தில் கிரம்பிள் என்றால் ஆப்பிள் கிரம்பிள்தான். நம் ஊரில் ஆப்பிளும் கப்பலில் வருகிறது, விலையும் கூட. நமக்குக் கைக்கெட்டிய பழம் அன்னாசி. நம் நாட்டில் அன்னாசிக்கென்று 1957 முதல் தனி வாரியமே இருக்கிறது. சந்தையில் மோரிஸ், ஜோசபின், சரவாக், எம்.டி.2 என்று பல வகை கிடைக்கும். ஜோசபின் நம் நாட்டு மார்டி ஆய்வுக் கழகம் 1996-இல் வெளியிட்ட கலப்பு வகை. கிரம்பிளுக்கு என் தேர்வு மோரிஸ். சிறியது, புளிப்பும் மணமும் தூக்கலாக இருக்கும், விலையும் குறைவு. எம்.டி.2 நல்ல இனிப்பு, அதை அப்படியே நறுக்கிச் சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. சரவாக் பெரியது, சாறு அதிகம். வாங்கினால் கூடுதல் நேரம் சுண்ட வைக்க வேண்டும்.

ஆப்பிள் குறிப்பை அப்படியே அன்னாசிக்கு மாற்றிச் செய்பவர்கள் இந்தச் சாற்றில்தான் சறுக்குகிறார்கள். ஆப்பிளில் பெக்டின் என்ற பசைச்சத்து நிறைய உண்டு, சுடும்போது அதன் சாறு தானாகக் கெட்டியாகும். அன்னாசியில் அது குறைவு, தண்ணீரோ அதிகம். பச்சையாக நறுக்கிப் போட்டு மேலே மாவைத் தூவினால் அடியில் ரசமும் மேலே களியும்தான் கிடைக்கும். ஆகவே முதலில் பழத்தை அடுப்பில் வேக வைக்க வேண்டும். தீபாவளிக்கு அன்னாசி டார்ட் செய்யும் வீடுகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. டார்ட்டுக்கு உருட்டும் பதம் வரும்வரை கிளறுவோம் இல்லையா, கிரம்பிளுக்கு அந்தப் பாதையில் பாதியிலேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும். துண்டுகள் துண்டுகளாகவே தெரிய வேண்டும், சாறு மட்டும் தேன்போல் ஓட வேண்டும்.

ஆறு பேருக்கு அளவு இதோ. பழுத்த அன்னாசி ஒன்று, தோலும் கண்ணும் நீக்கிய பிறகு 600 முதல் 700 கிராம் சதை. கட்டைவிரல் நகமளவு துண்டுகளாக நறுக்குங்கள். நடுத்தண்டை எறியாமல் துருவிச் சேர்க்கலாம், வெந்தால் மென்மையாகிவிடும். 50 கிராம் சீனி, ஒரு விரல் நீளப் பட்டை, மூன்று கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நடுத்தரத் தீயில் 10 முதல் 15 நிமிடம் மூடாமல் வேக விடுங்கள். மூடினால் நீர் வற்றாது. கடைசியில் ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பட்டையையும் கிராம்பையும் எடுத்துவிட்டு ஆற விடுங்கள். சூடான பழத்தின் மேல் மாவைத் தூவினால் வெண்ணெய் உடனே உருகி, ஓவனுக்குள் போகும் முன்பே மாவு கூழாகிவிடும்.

மேல் மாவுக்குக் கோதுமை மாவு 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், சீனி 80 கிராம். போர்க்கால இங்கிலாந்தில் இந்த வெண்ணெய் இரண்டு பேரின் ஒரு வாரப் பங்கு. மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சீனி ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் தராசு இல்லாமலும் சமாளிக்கலாம். வெண்ணெயைக் கத்தியால் சுண்டல் கடலை அளவுக்கு வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து உதிர்க்க வேண்டும். பதம் பார்ப்பது புட்டுக்குப் பார்ப்பது போலத்தான். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் சேர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டில் அந்தப் பிடிப்பைத் தருவது தண்ணீர், இங்கே கொழுப்பு. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காதீர்கள், மாவு சப்பாத்திப் பக்கம் போய்விடும். உதிர்த்த பிறகுதான் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும். கைப்பிடி ஓட்ஸ் அல்லது உலர்ந்த தேங்காய்ப்பூ சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும்.

நம் ஊர் வெயில் இங்கே குறுக்கே நிற்கும். வெண்ணெய் 32 முதல் 35 பாகையில் உருகும், பிற்பகலில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். குளிர்நாட்டுக் குறிப்புகள் 'அறை வெப்பநிலை' என்று சொல்வதை இங்கே காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வெண்ணெய் ஐஸ்பெட்டியிலிருந்து நேராக வர வேண்டும். மாவையும் அரை மணி நேரம் உள்ளே வைத்து எடுங்கள். முடிந்தால் காலையில் பிசிறுங்கள். பாதியில் மாவு பிசுபிசுத்தால் மங்கோடு ஐஸ்பெட்டிக்குள் வைத்து 20 நிமிடம் கழித்துத் தொடருங்கள். தூவுவதற்கு முன் இன்னொரு முறை குளிர வைத்தால் இன்னும் நல்லது.

வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். போடலாம், கட்டியாக இருக்கும் சமையல் மார்ஜரின் நன்றாகவே வரும். ரொட்டியில் பூசும் மென்மையான வகை வேண்டாம், அதில் நீர் அதிகம். இங்கே விற்கும் மார்ஜரின் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் செய்வது. 1917-இல் சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் தொடங்கிய செம்பனை, பிறகு கேரித்தீவு வரை பரவி, நம் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பானது. குலை வெட்டியவர் வீட்டு அடுப்புக்கு அது டின்னில் அடைபட்டுத் திரும்பி வருகிறது. நெய்யிலும் செய்யலாம். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு, நெய் முழுக்கக் கொழுப்பு. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய் போதும். கையால் பிசையாமல் முள்கரண்டியால் கலந்து குளிர வையுங்கள். மணலாக உதிரும், ஏலக்காய்ப் பொடி கொஞ்சம் சேர்த்தால் அதன் மணமே தனி.

பழத்தைத் தட்டில் பரப்பி, மாவை மேலே தூவுங்கள். அழுத்த வேண்டாம், ஆவி வெளியேற இடைவெளி வேண்டும். முன்பே சூடாக்கிய ஓவனில் 180 பாகையில் 35 முதல் 40 நிமிடம். விசிறி ஓடும் ஓவன் என்றால் 165 போதும். நேரத்தைவிடக் கண்ணை நம்புங்கள்: மேலே பொன்னிறம், ஓரத்தில் சாறு கொப்பளித்து எட்டிப் பார்க்க வேண்டும். எடுத்த உடனே வெட்டாமல் 15 நிமிடம் விடுங்கள். அதற்குள் சாறு இறுகும், நாக்கும் தப்பும்.

ஓவன் இல்லாத வீடுகளை நினைத்துத்தான் இதை எழுதத் தோன்றியது. அடி கனமான குவாலியில் மேல் மாவை மட்டும் மிகச் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் மெதுவாகக் கிளறி வறுத்தால், ரவை வறுபடும் மணத்தோடு பொன்னிறமாகும். அடுப்பை அணைத்து ஆற விட்டால்தான் மொறுமொறுப்பு வரும், சூட்டில் மெத்தென்று இருப்பதைப் பார்த்து மேலும் வறுத்துக் கருக்கிவிடாதீர்கள். வெந்த பழத்தின் மேல் பரிமாறும் நேரத்தில் தூவிக்கொள்ளலாம். ஓவனில் சுட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் பிள்ளைகள் புகார் சொல்ல மாட்டார்கள். ஏர் பிரையர் இருந்தால் சிறு மங்குகளில் 160 பாகையில் 15 நிமிடம். அதன் காற்று மாவை அடித்துப் பறக்கவிடும், ஆகவே அதில் மட்டும் மாவை இலேசாக அழுத்தி வையுங்கள்.

மற்றப் பழங்களில் கொய்யா எனக்குப் பிடித்தது. பசைச்சத்து நிறைந்தது, விதையை நீக்கிவிட்டால் ஆப்பிளைப் போலவே நடந்துகொள்ளும். மாம்பழம் அரைப்பழமாக இருக்கட்டும். பெர்லிஸ் ஹருமானிஸைச் சூடாக்குவது பாவம். வாழையில் பீசாங் ராஜா போன்ற கெட்டி வகை சரி, முன்பே வேக வைக்க வேண்டாம், எலுமிச்சைச் சாறு தெளித்தால் போதும். பலாச்சுளையும் செம்பெடாக்கும் இனிப்பு அதிகம், அன்னாசியோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். பப்பாளி வேண்டாம், புளிப்பு இல்லாமல் சப்பென்று இருக்கும்.

இனிப்பு என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். கேக்கில் சீனியைப் பாதியாகக் குறைத்தால் கேக்கின் உடம்பே மாறிவிடும். கிரம்பிள் அப்படியல்ல. மேல் மாவில் 80 கிராமை 50 ஆக்கினாலும் நிற்கும், நிறமும் மொறுமொறுப்பும் சற்றுக் குறையும், அவ்வளவுதான். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் அதில் சீனியே வேண்டாம். ஆனால் சீனிக்குப் பதில் கூலா மலாக்கா போட்டால் நீரிழிவுக்காரருக்கு ஆபத்தில்லை என்று சிலர் நம்புவது தவறு. அதுவும் சீனிதான், சுவை மட்டும் வேறு. மாவும் பழமும்கூட இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வீட்டில் மருந்து எடுப்பவர் இருந்தால் சிறு மங்கில் கொஞ்சமாக, சாப்பாட்டு அளவைக் குறைத்துக்கொண்டு சாப்பிடட்டும், ஐஸ்கிரீமைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடட்டும்.

ஐஸ்கிரீமுக்குப் பதில் சூடான கஸ்டர்ட் ஊற்றுவதே ஆங்கிலேயர் வழக்கம். தோட்டத் துரை பங்களாக்களில் வேலை பார்த்த நம் சமையற்காரர்களுக்குக் கஸ்டர்டும் புட்டிங்கும் தண்ணீர் பட்ட பாடு. கடையில் விற்கும் கஸ்டர்ட் தூளின் மூலம் 1837-இல் பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் உருவாக்கியது. முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காகச் சோள மாவில் செய்தார். தைப்பூச விரதம் இருப்பவர்களுக்கும் புரட்டாசியில் முட்டை சேர்க்காத வீடுகளுக்கும் அது இன்று உதவுகிறது, டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். பச்சை அன்னாசியில் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, பால் கசந்து போவது அதனால்தான். வெந்த அன்னாசியில் அந்த நொதி செத்துவிடும், கஸ்டர்ட் தாராளமாக ஊற்றலாம். சைவ உணவிலும் பாலைத் தவிர்ப்பவர்கள் வெண்ணெய்க்குப் பதில் பால் கலக்காத மார்ஜரினும், கஸ்டர்டுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலும் பயன்படுத்தலாம்.

தீபாவளிக்குப் பலகாரத்தோடு இதையும் ஆர்டர் எடுத்து விற்க நினைப்பவர்கள், உணவு கையாளுபவர் பயிற்சியையும் டைபாய்டு தடுப்பூசியையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள், சட்டம் அதைக் கேட்கிறது. சுட்ட கிரம்பிளைக் கூரியரில் அனுப்புவது வீண், வழியிலேயே மேல் மாவு ஊறிவிடும். பழத்தை ஒரு டப்பாவிலும் வறுத்த மாவை இன்னொன்றிலும் கொடுத்து, வாங்குபவரே தூவிச் சூடாக்கிக்கொள்ளச் சொல்வது நல்லது.

மீந்ததை ஆறிய பின் ஐஸ்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம், இரவு முழுக்க மேசையில் விட வேண்டாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் மாவு மெத்தென்றாகும், ஓவனிலோ ஏர் பிரையரிலோ 10 நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். சுடாத மேல் மாவைப் பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு மாதம் வரை வைக்கலாம். விருந்தாளி திடீரென்று வந்தால் உருகவிடாமல் அப்படியே எடுத்துத் தூவுங்கள்.