மாரிகாலக் காய்ச்சலும் நாம் நாடவேண்டிய வைத்தியசாலையும்

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை பெரும்போக நெற்செய்கைக்கும் கிணறுகளின் நீர்மட்டத்திற்கும் ஆதாரமாக விளங்குகின்றது. வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இம்மழையை நம்பியே வாழ்கின்றன. ஆனால், நவம்பர் முதல் ஜனவரி வரையான இதே காலப்பகுதியில்தான் டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம் போன்ற நோய்களும் தலைதூக்குகின்றன. இந்நோய்களில் எதுவும் எமக்குப் புதியதன்று. இவற்றுக்கான சிகிச்சையும் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றது. அவ்வாறிருந்தும் உயிர்கள் பறிபோவதற்கு, காலந்தாழ்த்தி வைத்தியசாலைக்குச் செல்வது ஒரு முக்கிய காரணமாகும்.

2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஓர் இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு ஆளாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தப் பேரழிவு கற்பித்த பாடங்களில் முதன்மையானது, டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை என்பதாகும். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகின்றது. நோய் மாறிவிட்டதெனக் குடும்பத்தினர் நிம்மதியடையும் அதே நேரத்தில் நோயாளி அதிர்ச்சி நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கக்கூடும். தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, மிகுந்த சோர்வு, கை கால்கள் குளிர்தல், சிறுநீர் குறைதல், குருதிக்கசிவு ஆகியவற்றில் ஒன்றேனும் தென்பட்டால் விடியும்வரை காத்திருக்கலாகாது.

காய்ச்சல் கண்டவருக்குப் பரசிற்றமோல் மாத்திரையை உடல்நிறைக்கேற்ற அளவில் மட்டும் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுறோபன், டைக்குளோபெனக் போன்ற வலிநிவாரணிகள் குருதிக்கசிவை ஏற்படுத்தி உயிராபத்தை விளைவிக்க வல்லவை. மருந்தகத்தில் விவரம் சொல்லி ‘விரைவில் காய்ச்சலை இறக்கும்’ மருந்து வாங்கும் வழக்கம் மாரிகாலத்தில் அறவே கைவிடப்பட வேண்டியதொன்றாகும். கஞ்சி, இளநீர், ஜீவனி, பழச்சாறு என்பவற்றைப் போதியளவு பருகக் கொடுத்து, ஓய்வெடுக்கச் செய்து, காய்ச்சல் நீடித்தால் மூன்றாம் நாளிலேனும் குருதிப் பரிசோதனை செய்விக்க வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு மற்றும் சிறுநீரக நோயுள்ளோர் ஆகியோருக்கு இந்த மூன்று நாள் தவணை பொருந்தாது. அவர்கள் முதல் நாளிலேயே வைத்தியரைக் காண்பதே பாதுகாப்பானது.

எலிக்காய்ச்சலின் தன்மை வேறு. எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் வெள்ளநீரிலும் வாழும் கிருமி, கால்களிலுள்ள சிறு கீறல்கள் வழியாக உடலினுள் புகுகின்றது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்த காய்ச்சல் மரணங்கள் மக்களைப் பெரும் பீதிக்குள்ளாக்கின. இனந்தெரியாத காய்ச்சல் எனப் பேசப்பட்ட அது, எலிக்காய்ச்சல் எனப் பரிசோதனைகளில் உறுதிசெய்யப்பட்டது. காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசைநோவு, கண் சிவத்தல், தலைவலி, சிறுநீர் குறைதல் ஆகியன இதன் அடையாளங்கள். நோய் முற்றினால் சிறுநீரகம், ஈரல், சுவாசப்பை என்பன பாதிக்கப்படும். வயலில் இறங்கியதையோ வெள்ளத்தில் நடந்ததையோ நோயாளி வைத்தியரிடம் தாமாகவே கூற வேண்டும். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடும்.

வயல் வேலைக்குச் செல்வோருக்கு டொக்சிசைக்கிளின் தடுப்பு மாத்திரைகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாக வழங்கப்படுகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, அவர் கூறும் முறைப்படி அவற்றை உட்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் வைத்திய ஆலோசனையின்றி இம்மாத்திரையைப் பாவிக்கலாகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழிகளின் கழிவு கிணறுகளை எளிதில் சென்றடைகின்றது. வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவிக்கும்வரையிலும், அதன் பின்னரும், கொதித்தாறிய நீரையே பருக வேண்டும். வாரம் ஒருமுறையேனும் வளவிலுள்ள சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி ஆகியவற்றைப் பார்வையிட வேண்டும். நுளம்பின் முட்டை முழு நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதுமானது.

அடுத்து, எந்த வைத்தியசாலைக்குச் செல்வது என்ற கேள்வி எழுகின்றது. சாதாரண தடிமனுக்கும் இருமலுக்கும்கூட யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை நாடிச் செல்லும் போக்கு எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. வடமாகாணத்தின் ஒரேயொரு போதனா வைத்தியசாலை அதுவாகும். அங்கு வெளிநோயாளர் வரிசை நீளும்போது உண்மையிலேயே உயிருக்குப் போராடும் நோயாளியே பாதிக்கப்படுகின்றார். தொடக்கநிலைக் காய்ச்சலுக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலை போதுமானது. குருதிப் பரிசோதனைக்கும் விடுதி அனுமதிக்கும் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கு மாவட்டங்களிலும் பொது வைத்தியசாலைகள் இயங்குகின்றன. மேலதிக சிகிச்சை தேவையெனில் அங்கிருந்தே நோயாளர் முறைப்படி மாற்றப்படுவர்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, நினைவு தடுமாறல், பாம்புக்கடி ஆகியவற்றுக்கு இந்த ஒழுங்குமுறை பொருந்தாது. உடனடியாக 1990 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டு 2018இல் வடக்கிற்கும் விரிவாக்கப்பட்ட இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் எதுவுமில்லை. பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதோ இறுகக் கட்டுவதோ தீங்கையே விளைவிக்கும்.

தீவக மக்களின் நிலை தனியே கவனத்திற்குரியது. கடல் கொந்தளிக்கும் நாள்களில் நெடுந்தீவிலிருந்து படகு புறப்படுவதே நிச்சயமற்றதாகி விடுகின்றது. எனவே, பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்மாரும் நாட்பட்ட நோயாளரும் காலநிலை மோசமடையுமுன்னரே பயண ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நன்று. வெள்ளத்தில் பாதை துண்டிக்கப்படக்கூடிய கிராமங்களுக்கும் இது பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் வீதிகளைத் துண்டித்தமை நினைவிருக்கும். கிளினிக் கொப்பியையும் இரு வாரங்களுக்குரிய மருந்தையும் நீர் புகாத பையில் இட்டு வைப்பது எவராலும் செய்யக்கூடிய காரியமே.

மக்களுக்கு மாத்திரம் அறிவுரை கூறி இவ்விடயத்தை முடித்துவிட முடியாது. அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள் என்று சொல்வதானால், அங்கே வைத்தியரும் மருந்தும் இருத்தல் வேண்டும். மாலையிலும் விடுமுறை நாள்களிலும் பூட்டிய கதவைக் கண்டு திரும்பியவர் மறுமுறை நேரே நகருக்கே செல்வார். அவரைக் குறைகூற இயலாது. நாட்கூலிக்கு வேலை செய்பவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்க அஞ்சியே காய்ச்சலுடன் வயலில் இறங்குகின்றார் என்பதையும் அதிகாரிகள் உணர வேண்டும். தடுப்பு மாத்திரை அவரைத் தேடிச் செல்ல வேண்டுமேயன்றி, அவர் அதனைத் தேடி அலையும் நிலை இருக்கக்கூடாது. மழை தொடங்குமுன்னரே பிரதேச வைத்தியசாலைகளின் ஆளணியையும் மருந்துக் கையிருப்பையும் மாகாண சுகாதாரத் திணைக்களங்கள் உறுதிப்படுத்துமாயின், மக்களும் காலந்தாழ்த்தாது அவற்றை நாடுவர். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி மாரிகால மரணங்களைக் குறைக்க இயலாது என்பதே எமது நிலைப்பாடாகும்.