சென்னை கண்ட நகர வானொலி

முனிர்காவில் குடியிருக்கும் தமிழர் பலர் ஒரு காலத்தில் இரவு நேரங்களில் வானொலியின் முள்ளைத் திருகியபடி காத்திருந்ததுண்டு. சிற்றலை வானில் பட்டுத் திரும்புவது. ஆதலின் கடல் கடந்த இலங்கைத் தமிழும் இரைச்சலோடு இங்கு வந்து சேரும். பண்பலைக்கு அவ்வாற்றல் இல்லை. அது நேராகச் செல்வது. ஒரு நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டாது. ஒலி மட்டும் மாசற்றது. இன்று தில்லிப் பண்பலையில் இளைஞர்க்குரிய இந்தித் திரையிசை நாளெல்லாம் ஒலிக்கிறது.

இதனை நேற்றைய புதுமை என்று எண்ணுவோர் உளர். இந்தியாவில் பண்பலை முதலில் தொடங்கியது சென்னையில், 23-7-1977 அன்று. நகருக்கென ஒரு வானொலி என்னும் எண்ணமோ அதனினும் அரை நூற்றாண்டு மூத்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே 16இல் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை நிறுவினார். 40 வாட்டு ஆற்றலே உடைய ஒரு சிறு கருவி. சூலை 31இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. அன்பர் சிலர் ஆர்வத்தால் நடத்திய முயற்சி. பொருள் முடையால் 1927இல் நின்றது. கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது.

இங்கேதான் நாம் வியக்க வேண்டும். சாலைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான ஒரு மாநகராட்சி, 1-4-1930 முதல் தானே வானொலி நடத்திற்று! மாலையில் இசை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும், கடற்கரையில் ஒலிபெருக்கி. பெட்டி வாங்க இயலாதவனும் மணலில் அமர்ந்து சங்கீதம் கேட்டான். 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதோடு அப்பொறுப்பு நகரின் கையை விட்டகன்றது.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2001இல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் எழுந்தது. ஈராண்டில் சென்னைக்கும் வந்தது. ஆயினும் 2011ஆம் ஆண்டுக் கொள்கை, வானொலி நிலையத்தின் செய்தியறிக்கையை அவ்வாறே மறு ஒலிபரப்புச் செய்யவே தனியாரை அனுமதித்தது. போக்குவரத்து, வானிலை, குடிநீர் பற்றிய அறிவிப்புகளுக்குத் தடையில்லை. கோப்புகளோடு வாழும் எனக்கு இந்த விதியின் நுட்பம் விளங்காமலில்லை: நாளை முனிர்காவில் குழாயில் தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம், ஏன் வரவில்லை என்று தாமே விசாரித்துச் செய்தியாக்க வழியில்லை. அறிவிப்பு முடிந்ததும் அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது.