முட்டி போட்ட முதலாளி

2004 அக்டோபர். அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஒரு கருத்தரங்கு. இன்டெல்லின் தலைமை அதிகாரி க்ரெய்க் பாரெட், மேடையிலேயே சட்டென்று முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டார். தமாஷாகத்தான். ஆனால் விஷயம் தமாஷ் இல்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 இதோ வருது, அதோ வருது என்று சொல்லிவிட்டுக் கையை விரித்திருந்தார்கள்.

வில்லன், சூடு. அந்த வருடம் வந்த ‘பிரெஸ்காட்’ ரகத்தில் வேகமானவை 100 வாட்டுக்கு மேல் மின்சாரம் தின்றன. ஒரு குண்டு பல்பின் சூடு, நக அளவு சில்லுக்குள்! எல்லை மீறினால், கருகிவிடாமலிருக்க ப்ராசஸரே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுக்கே வழியில்லாத லேப்டாப்புக்குள் கேட்கவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய வேகம், வேலை அதிகமாகும்போது பார்த்துக் காணாமல் போகும்.

மருந்து இன்டெல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில், அவர்களுடைய குழு லேப்டாப்புக்கென்றே செய்த பென்டியம் எம், 2003 மார்ச்சிலேயே கடைக்கு வந்தாச்சு. வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை பார்த்தது. சூடோ 25 வாட்டுக்குள். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ, இந்தச் சாதுவின் வாரிசு.