சுவரில் தங்கிய புகை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற மாதம் என் மகள் மறைமலை நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். பேத்திக்கு எட்டு மாதம், தவழ்கிற பருவம். வெளிச்சமான வீடு, புது பெயிண்ட். ஆனால் கதவைத் திறந்தால் சிகரெட் நாற்றம். முன்பு இருந்தவர் நிறையப் புகைப்பாராம். "சாம்பிராணி போடுங்க சார், ரெண்டு நாள்ல போயிடும்" என்றார் வீட்டுக்காரர். மூன்று வாரம் போட்டோம். மழை பெய்த அன்று மறுபடியும் அதே நாற்றம்.

நறும்புகை நமக்குப் புதிதல்ல. அகில் புகையில் கூந்தல் உலர்த்தியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. சாம்பிராணி சுமத்திரா பக்கமிருந்து கப்பலேறி வந்த மரப்பிசின். ஆனால் வாசனைப் புகையும் புகைதான். ஒரு புகையின் மேல் இன்னொரு புகையைப் படியவிட்டால் முதல் புகை எங்கே போகும்?

நம் பாட்டிமார் புகையோடுதான் வாழ்ந்தார்கள். விறகடுப்பு, வறட்டி, கரி பிடித்த சுவர். ஆனால் அவர்கள் அதை வாசனையால் மறைக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை, பொங்கலுக்கு முன், பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வெள்ளையடித்தார்கள். கரியும் வாடையும் அந்தச் சுரண்டலோடு போயின.

அந்தச் சுண்ணாம்புக்கும் நம் கடற்கரைக்கும் உறவு உண்டு. கடலோரக் கழிகளில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீர் ஊற்றித் தாளித்து, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலப்பார்கள். தாழை விழுதை நசுக்கினால் தூரிகை தயார். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகும். ஐரோப்பியர் வியந்து எழுதிய 'மெட்ராஸ் சுண்ணம்' இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பின் மெருகேறிய வடிவமே.

புகையிலை வந்தது பிறகு. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் இங்கே கொண்டுவந்தார்கள். 1617இல் ஜஹாங்கீர் தடை போட்டும் நிற்கவில்லை. திண்டுக்கல் புகையிலையும் திருச்சி சுருட்டும் லண்டன் வரை பெயர் பெற்றன. ஆனாலும் திண்ணையில் பிடித்த சுருட்டின் புகை தெருவோடு போயிற்று. ஜன்னல் சாத்திய ஏசி அறையில் பிடித்த சிகரெட்டின் புகை எங்கும் போகவில்லை.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவர்கள் 'மூன்றாம் கைப் புகை' என்ற சொல்லைப் பரவலாக்கினார்கள். புகைத்தவர் போன பிறகும் சுவரிலும் திரைச்சீலையிலும் தங்கும் படிவு அது. சுவரில் படிந்த நிகோடின், அறைக் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் தரும் பொருள்களாக மாறும் என்று 2010இல் பெர்க்லி ஆய்வகம் காட்டியது. தவழும் குழந்தையின் கை தரையில். அடுத்த நிமிடம் வாயில்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1984 முதல் ஏழு வருடம் செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக் காற்று வரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். தினமும் பத்து சிகரெட். விடைத்தாள் திருத்தும் நாள்களில் கணக்கே இல்லை. காலி செய்த அன்று, மேசைக்கு மேலே பழுப்பேறிய சுவரைப் பார்த்து வீட்டுக்கார அம்மா, "பரவாயில்லை வாத்தியாரே, சுரண்டிட்டு அடிச்சிக்கிறேன்" என்றார். நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்தவள்தான் இன்று தன் குழந்தைக்காகக் கவலைப்படுகிறாள்.

இப்போது செய்தது அந்த அம்மாவின் முறைதான். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தோம். ஏசி வடிகட்டியைக் கழுவினோம். வினிகர் கலந்த நீரில் சுவர், கூரை, அலமாரி உட்புறம் எல்லாம் துடைத்தோம். நிகோடின் காரத்தன்மை உடையது, புளிப்பில் கரையும். துணியில் தேநீர் நிறம் இறங்கியது! அழுக்கின் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பிறகு கறையை அடைக்கும் பிரைமர் ஒரு கை, அதன் மேல் பெயிண்ட் இரண்டு கை. ஓசோன் இயந்திரம் வைக்கலாம் என்றார் ஒருவர். அது நுரையீரலுக்குக் கேடு, வேண்டாம் என்றேன்.

செலவு யாருடையது? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால்தான் மாறும். அதைப் பணிவாக எடுத்துக் காட்டினோம். பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார்.

நேற்று மழை. வீட்டில் சுண்ணாம்பு வாசம் இல்லை, சிகரெட் நாற்றமும் இல்லை. பேத்தி தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

வாடகை வீடு பார்ப்பவர்கள் பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வீட்டுக்குள் புகைப்பவர்களுக்கு நான் அறிவுரை சொல்லத் தகுதியில்லாதவன். உங்களுக்குப் பின் அந்த அறையில் ஒரு குழந்தை தவழக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பொங்கல் வெள்ளையடிப்பு நினைவுகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.