பல் காத்த பேராசிரியர்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முதுமொழி. பல் போகுமுன்னரே, பள்ளிப் பருவத்திலேயே அதனைக் காத்தல் வேண்டும் என்று ஜெர்மனியில் பாடுபட்டவர் பேராசிரியர் ஆல்பிரட் காண்டரோவிச் (1880–1962). பான் நகரில் பள்ளிச் சிறுவர் அனைவருக்கும் பற்சோதனையும் சிகிச்சையும் கிடைக்க வழி வகுத்தார். நாட்டுப்புறங்களுக்கு மருத்துவ வண்டியை அனுப்பினார். யூதர், சமதர்மவாதி என்பதால் 1933-இல் நாஜிகள் அவரைச் சிறையிட்டனர், பதவியும் பறிபோயிற்று. துருக்கி நாட்டின் அழைப்பே அவரை மீட்டது. இஸ்தான்புல் பல்கலைக் கழகத்தில் பல் மருத்துவக் கல்வியைச் சீர்திருத்தினார். 1950-இல் பான் நகர் திரும்பினார்.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர் நாம். துரத்தப்பட்டுச் சென்றவர் அவர். எனினும் புகுந்த நாட்டில் விருந்தினராய் ஒதுங்கியிராது, கற்ற கலையை அந்நாட்டு மாணவர்க்கே ஈந்தார். நம்மை வாழவைக்கும் இவ்வூருக்கு நாம் என் ஈந்தோம்? எண்ணிப் பார்ப்போமாக.